நிபுணரிடம் போகும் முன் அப்பாவின் கைரேகையைத் தேடுங்கள்

கேள்வி: என் தந்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2015-ல் பக்கவாதம் வந்து வலது கை பலவீனமாகிவிட்டது. 2021-ல் காலமானார். 2023-ல் வில்லங்கச் சான்று எடுத்தபோதுதான், அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கிய ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம் 2017-லேயே என் அண்ணன் பெயருக்குச் செட்டில்மெண்ட் ஆகியிருப்பது தெரிந்தது. பத்திரத்தில் இருக்கும் கையெழுத்து கிறுக்கலாக இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தாத்தா வழி நிலத்துக்கும், 1976-ல் எழுதியதாகச் சொல்லி, பதிவு செய்யப்படாத ஒரு கூர்ச்சீட்டை (பாகம் பிரித்துக்கொண்ட சீட்டை) அண்ணன் காட்டுகிறார். 2025 தொடக்கத்தில் வழக்குப் போட்டிருக்கிறேன். செட்டில்மெண்ட் மூலப் பத்திரம் தொலைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒரு தனியார் நிபுணர், செல்பேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்தே "போலிதான், அறிக்கை தருகிறேன்" என்கிறார். மையின் வயதைக் கண்டுபிடிக்க முடியும் என்றும் சிலர் சொல்கிறார்கள். நிபுணர் அறிக்கை வந்தால் நிலம் திரும்புமா? அம்மாவுக்கு 78 வயது. அவர் என்னுடன்தான் இருக்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நிபுணர் அறிக்கை மட்டும் நிலத்தைத் திருப்பித் தராது. ஆவணங்களை ஆராய்ந்து நீதிமன்றங்களில் சாட்சி சொல்வதையே தொழிலாகக் கொண்டிருந்தவன் நான். என் அறிக்கையால் மட்டுமே ஒரு வழக்கு வென்றதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சரியான மாதிரிகளைத் தேடிக் கொடுத்ததால் வென்ற வழக்குகளும், அவற்றைக் கொடுக்காததால் "உறுதியான கருத்துக் கூற இயலவில்லை" என்று நான் எழுத நேர்ந்து தோற்றுப்போன வழக்குகளும் நிறையவே நினைவில் இருக்கின்றன. அந்த இரண்டாவது வகையில் உங்கள் வழக்கு சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

நிபுணரின் இடம் எது என்பதைச் சட்டமே சொல்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 45-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 39-ஆம் பிரிவு. உங்கள் வழக்கு அதற்குப் பின் தொடுக்கப்பட்டது. எனவே புதிய சட்டமே பொருந்தும். நீதிமன்ற வளாகத்தில் இன்னும் பலர் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். இரண்டிலும் சாரம் ஒன்றே: நிபுணர் தருவது கருத்து, முடிவு சொல்பவர் நீதிபதி. கையெழுத்து நிபுணரின் கருத்தை வேறு ஆதாரம் இல்லாமல் ஏற்கவே கூடாது என்று ஒரு விதி கிடையாது என்று 1980-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், கையெழுத்துக் கலை கைரேகைக் கலை அளவுக்கு முழுமை பெற்றதல்ல, ஆகவே எச்சரிக்கை தேவை என்றும் சொன்னது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வழக்கின் சாவி அதில்தான் இருக்கிறது.

கையெழுத்தைப் பார்ப்போம். கிறுக்கலாக இருக்கிறது, ஆகவே போலி என்று நீங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள். உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் பக்கவாதம் வந்த கை முத்து முத்தாக எழுதாது. 2017-ல் அப்பா உண்மையிலேயே கையெழுத்திட்டிருந்தாலும் அது நடுங்கித்தான் இருந்திருக்கும். நோயின் நடுக்கமும் போலி செய்பவனின் நடுக்கமும் வேறு வேறு. நோயாளியின் கோடு ஒழுங்கில்லாமல் அலையும், எழுத்து வரியை விட்டு இறங்கும், அளவு பெரிதாகும். ஆனாலும் அறுபது ஆண்டுப் பழக்கம் உள்ளே இருக்கும். எந்த இடத்தில் தொடங்குவார், எந்த எழுத்துக்குப் பிறகு பேனாவை எடுப்பார், கொம்பை எந்தப் பக்கம் வளைப்பார் என்பவை எளிதில் போகமாட்டா. போலி செய்பவனின் கோடு மெதுவாக, அழுத்தம் மாறாமல், வரைந்த படம் போல இருக்கும். தொடக்கமும் முடிவும் மழுங்கியிருக்கும். நிற்கத் தேவையில்லாத இடத்தில் பேனா நின்றிருக்கும். விட்டுப்போன வளைவை மறுபடி தொட்டுச் சரிசெய்திருப்பான்.

இவற்றையெல்லாம் பார்க்க மூலப் பத்திரம் வேண்டும். ஸ்கேன் நகலில் அழுத்தமும் தெரியாது, பேனா நின்ற புள்ளியும் தெரியாது. ஆகவே செல்பேசிப் படத்தைப் பார்த்தே போலி என்று சொல்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அவர் அறிக்கை உங்களுக்குப் பயன்படாமல் போவது மட்டுமல்ல. அவர் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் முதல் மூன்று கேள்விகளிலேயே உங்கள் நம்பகத்தன்மையும் சேர்ந்து போய்விடும். மூலத்தைப் பார்த்தீர்களா, எத்தனை மாதிரிகளுடன் ஒப்பிட்டீர்கள், அந்த மாதிரிகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத நிபுணர் நிபுணரே அல்ல.

மாதிரிகள் எந்த ஆண்டைச் சேர்ந்தவை என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். அப்பா வேலையில் இருந்தபோது பணிப்பதிவேட்டில் போட்ட அழகான கையெழுத்துகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், பக்கவாதத்துக்கு முந்தைய கையையும் பிந்தைய கையையும் ஒப்பிடச் சொல்கிறீர்கள் என்று பொருள். வித்தியாசம் இருக்கும், அது எதையும் நிரூபிக்காது. வேண்டியவை 2015-க்கும் 2019-க்கும் இடைப்பட்டவை. அவர் ஓய்வூதியர் என்பது பெரிய நன்மை. ஓய்வூதியர்களுக்கு ஆண்டுதோறும் நேர்காணல் உண்டு, உயிர்வாழ் சான்று உண்டு. அந்தக் காகிதங்களில் அவர் கையெழுத்தோ கைரேகையோ இருக்கும். அவை கருவூலத்திலோ வங்கியிலோ இருக்கும். வங்கியில் பணம் எடுத்த படிவங்கள், மருத்துவமனையில் சேர்ந்தபோது போட்ட ஒப்புதல் கையெழுத்து, கூட்டுறவுச் சங்கத்தில் புதுப்பித்த கடன் எல்லாம் பயன்படும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின்படி அவற்றை வரவழைக்க உங்கள் வழக்கறிஞர் மனுப் போட முடியும். வங்கிகள் பழைய படிவங்களைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிடும் என்பதால் இந்த வேலையை இந்த மாதமே தொடங்குங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். வலது கை பலவீனமான பிறகு அவர் இடது கையால் கையெழுத்துப் போடப் பழகியிருந்தாரா? அப்படியானால் இடது கையால் போட்டவற்றை மட்டுமே ஒப்பிட முடியும்.

இப்படி எல்லாம் சேர்ந்தாலும், மூலப் பத்திரம் வராவிட்டால் கையெழுத்து ஒப்பீடு நொண்டிதான். அதனால் நான் உங்களுக்குச் சொல்வது: கையெழுத்தைவிட்டுக் கைரேகைக்குப் போங்கள்.

பதிவுச் சட்டத்தில் 2001-ல் சேர்க்கப்பட்ட 32-ஏ பிரிவின்படி பதிவுக்கு வரும் பத்திரத்தில் புகைப்படமும் கைரேகையும் வேண்டும். அத்துடன் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக்கொடுத்தவரின் இடது பெருவிரல் ரேகையைக் கைரேகைப் பதிவேட்டிலும் எடுப்பார்கள். பத்திரம் கட்சிக்காரரிடம் திரும்பப் போய்விடும், அந்தப் பதிவேடு அலுவலகத்திலேயே இருக்கும். அண்ணன் தரப்பு மூலப் பத்திரம் தொலைந்தது என்று ஆயிரம் முறை சொல்லட்டும். பதிவேட்டில் மையால் பதித்த ரேகை நகல் அல்ல, அதுவே மூலம். கருவி வழியாக எடுத்திருந்தால் அந்த மின்பதிவையும் வரவழைக்கச் சொல்லுங்கள். பக்கவாதம் கையெழுத்தை மாற்றும், ரேகையை மாற்றாது. தாயின் வயிற்றில் உருவான வரிகள் கடைசிவரை அப்படியே இருக்கும். பத்திரப் பதிவில் ரேகை எடுக்கும் வழக்கம் நம் நாட்டில்தான் வேரூன்றியது. 1877-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆட்சியர் பத்திரப் பதிவிலும் ஓய்வூதியத்திலும் ரேகையைக் கொண்டுவந்தார். எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு மறுப்பவர்களையும், இறந்தவர் பெயரில் ஓய்வூதியம் வாங்குபவர்களையும் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு. 1897-ல் கொல்கத்தாவில் கைரேகைக்கென்றே ஒரு பணியகம் தொடங்கப்பட்டது.

ஒப்பிடுவதற்கு அப்பாவின் மறுக்கமுடியாத இடது பெருவிரல் ரேகை ஒன்று வேண்டும். ஆதாரில் இருக்கிறதே என்று எல்லோரும் கேட்பார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆதார் சட்டம் கைரேகை, கருவிழிப் பதிவுகளை யாருக்கும் எதற்காகவும் தரக்கூடாது என்று 29-ஆம் பிரிவில் தடுத்திருக்கிறது. அந்த வழியில் காலத்தை வீணாக்க வேண்டாம். அப்பா முன்பு எப்போதாவது எதையாவது விற்றிருக்கிறாரா, அடமானம் எழுதிக் கொடுத்திருக்கிறாரா, பொது அதிகாரப் பத்திரம் பதிவு செய்திருக்கிறாரா? அவர் பெயரில் பழைய வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் அந்த அலுவலகப் பதிவேட்டில் அவர் ரேகை இருக்கும். ரேகைக்கு வயது தடையில்லை, 1988-ல் பதித்ததும் உதவும்.

ரேகை தெளிவாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு விற்பனை ஒப்பந்த வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. ரேகைகள் தெளிவாக இருந்து, நீதிபதியால் அடையாளங்களைக் கண்டுகொள்ள முடிந்தால், நிபுணர் இல்லாமலேகூட ஒப்பிடலாம். மங்கலாகவோ மை அப்பியோ இருந்தால் நீதிமன்றம் ஊகிக்கக் கூடாது. அந்த வழக்கில் ரேகை மங்கியிருந்தது, நிபுணரிடமும் அனுப்பப்படவில்லை. ரேகையை நம்பி வழக்குத் தொடுத்தவர் தோற்றார். எனவே பதிவேட்டை வரவழைத்தவுடன், நிபுணரிடம் அனுப்பச் சொல்லி மனுப் போடும் முன்பே, ரேகையை உங்கள் வழக்கறிஞர் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். வரிகள் பிரிந்து தெரிகின்றனவா, கறுப்புத் திட்டாக இருக்கிறதா என்பது எவருக்கும் புலப்படும்.

இனி, எழுதத் தயங்கினாலும் எழுதியே ஆக வேண்டிய ஒன்று. அந்த ரேகை உங்கள் அப்பாவுடையதுதான் என்று அறிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்?

நிபுணர் உங்கள் ஆள் அல்ல. நீங்கள் கேட்டு அனுப்பினாலும், கட்டணம் நீங்கள் கட்டினாலும், அவர் பார்ப்பதை எழுதுவார். அப்பா உண்மையிலேயே சார்பதிவாளர் முன் போய்ப் பதிந்திருந்தால், "போலி" என்ற ஒற்றைக் காலில் நிற்கும் உங்கள் வழக்கு அன்றோடு விழுந்துவிடும். ஆனால் அநியாயம் நடக்கவில்லை என்று அதனால் ஆகிவிடாது. பக்கவாதத்தில் கிடந்தவரை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், என்னவென்று படித்துக் காட்டாமல் ரேகை வாங்கியிருக்கலாம். அது போலி ஆவணம் அல்ல, தகாத செல்வாக்கு அல்லது மோசடி. அதற்கான ஆதாரம் ரேகை நிபுணரிடம் இல்லை. 2017-ல் அவருக்கு மருத்துவம் பார்த்த மருத்துவரிடமும், அவர் யார் கவனிப்பில் இருந்தார் என்று அறிந்தவர்களிடமும்தான் இருக்கிறது. பிராதில், அதாவது நீங்கள் தாக்கல் செய்த வழக்குரையில், இந்த மாற்று வாதம் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் இன்றே கேளுங்கள். மோசடி, செல்வாக்கு போன்றவற்றை விவரங்களோடு சொல்ல வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 6, விதி 4. இல்லையென்றால், அறிக்கை வருவதற்கு முன்பே பிராதைத் திருத்த மனுப் போடுவதுதான் நேர்மையும் புத்திசாலித்தனமும். அறிக்கை எதிராக வந்த பிறகு கதையை மாற்றுபவரை எந்த நீதிபதியும் நம்பமாட்டார்.

பிராதைப் பார்க்கும்போது இன்னொன்றையும் சரிபாருங்கள். செட்டில்மெண்ட் பத்திரத்துக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டிருக்க வேண்டும். அதை நிரூபிக்க அவர்களில் ஒருவரையாவது விசாரிக்க வேண்டும். ஆனால் பதிவான பத்திரமாக இருந்து, அப்பா அதை எழுதிக்கொடுத்தார் என்பதை நீங்கள் குறிப்பாக மறுக்காவிட்டால் அந்தக் கட்டாயம் இல்லை. "வாதியைக் கட்டுப்படுத்தாது" என்பது போன்ற பொதுவான வரிகள் போதா. "என் தந்தை இந்தப் பத்திரத்தை எழுதிக்கொடுக்கவில்லை, கையொப்பமிடவில்லை, ரேகை பதிக்கவில்லை" என்று நேரடியாக எழுதியிருந்தால்தான் அண்ணன் அந்தச் சாட்சிகளைக் கூண்டில் ஏற்ற வேண்டிவரும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்வதில் கிடைக்கும் உண்மை பல நேரங்களில் என் அறிக்கைகளில் கிடைத்ததைவிட அதிகம்.

ஆவணங்களை நிபுணரிடம் அனுப்பும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாட்சிய அதிநியமத்தின் 39-ஆம் பிரிவையும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 26, விதி 10-ஏ-யையும் குறிப்பிட்டு இடைநிலை மனுப் போட வேண்டும். பெரும்பாலும் வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் முத்திரையிட்ட உறையில் ஆவணங்களைக் கொண்டுபோவார். கையெழுத்தென்றால் தடய அறிவியல் துறையின் ஆவணப் பிரிவுக்கும், ரேகையென்றால் காவல் துறையின் கைரேகைப் பணியகத்துக்கும் போகும். வாதங்கள் முடியும் நேரத்தில் போடப்படும் மனுக்கள் இழுத்தடிப்பு என்று தள்ளுபடியாவதைப் பார்த்திருக்கிறேன். மாதிரிகள் கைக்கு வந்தவுடன் போடுங்கள். அறிக்கை யாருக்குச் சாதகமானாலும் அதை எழுதியவரைச் சாட்சியாக அழைத்து விசாரிக்க வேண்டும் என்று வலியுறுத்துங்கள். காரணங்களும் பெரிதாக்கிய படங்களும் இல்லாத அறிக்கைக்கு மதிப்புக் குறைவு.

கூர்ச்சீட்டு வேறு விதமான ஆவணம், அதற்கு வேறு விதமான கண் வேண்டும். மையின் வயதைக் கேட்டிருந்தீர்கள். இரண்டு மைகள் ஒன்றா வேறா என்பதைப் புறஊதா, அகச்சிவப்பு ஒளியில் பிரித்துச் சொல்ல முடியும். ஒரு மை 1976-ல் எழுதப்பட்டதா 2016-ல் எழுதப்பட்டதா என்று ஆண்டைக் குறித்துச் சொல்லும் நம்பகமான சோதனை நம் ஆய்வகங்களில் வழக்கத்தில் இல்லை. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தடய அறிவியல் துறை அதிகாரியிடமே கேட்டு இதைப் பதிவு செய்திருக்கிறது. மை வயதுச் சோதனை கேட்டு மனுப் போட்டு இரண்டு ஆண்டுகளை இழக்காதீர்கள்.

ஆனால் மை எந்த வகை என்று பார்க்கச் சொல்லுங்கள். ஜெல் பேனா 1984-ல்தான் ஜப்பானில் அறிமுகமானது. 1976 தேதியிட்ட கூர்ச்சீட்டில் ஜெல் மை இருந்தால் அதற்கு மேல் பேச்சே இல்லை. மடிப்பையும் பார்க்கலாம். பழுதாகி நார் பிரிந்த மடிப்பில் மை கசிந்து பரவியிருந்தால், காகிதம் மடிந்து பழசான பிறகே எழுதியிருக்கிறார்கள்.

எழுத்தைப் படித்துப் பார்க்கும் வேலையை மட்டும் ஆய்வகத்துக்கு விட்டுவிடாதீர்கள், அதை நீங்களே தொடங்கலாம். 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் லை, னை, ணை, ளை எழுத்துகளை யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்டும், ணா, றா, னா எழுத்துகளைச் சுழித்துச் சேர்த்தும் எழுதுவதே பள்ளியில் கற்ற வழக்கம். 1976-ல் ஒரு முதியவர் எழுதியதாகச் சொல்லும் சீட்டில் எல்லாமே புது வடிவில் இருந்தால் சந்தேகம் கொள்ள இடம் உண்டு. முடிவுகட்டிவிடவும் கூடாது: பெரியாரின் இதழ்கள் 1935 முதலே புதிய வடிவங்களைப் பயன்படுத்தின, அவற்றைப் படித்து அப்படியே எழுதியவர்கள் இருந்தார்கள். எழுதியவர் யார் என்று கண்டுபிடித்து, அதே காலத்தில் அவர் எழுதிய வேறு காகிதங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சீட்டில் வரும் சொற்களையும் பாருங்கள். 1980 நவம்பரில்தான் கணக்குப்பிள்ளை, மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டன. கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி அதற்குப் பிறகு வந்தது. 1976 சீட்டில் "கி.நி.அ." என்று இருந்தால் எழுதியவர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிட்டார். நிலத்தின் உட்பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு தாலுகா அலுவலகம் போங்கள். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது இதைத்தான், ஏராளமான உட்பிரிவுகள் புதிதாக உண்டாயின. உங்கள் நிலத்தின் உட்பிரிவு அப்போது பிறந்தது என்று அ-பதிவேடு (கிராமத்தின் நில விவரப் பதிவேடு) காட்டினால், அந்த எண்ணை 1976-ல் யாரும் எழுதியிருக்க முடியாது. பின்தேதியிட்ட ஆவணங்கள் பிடிபடுவது நுண்ணோக்கியில் மட்டுமல்ல, வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளிலும்தான்.

கூர்ச்சீட்டு முப்பது ஆண்டு கடந்த ஆவணம், ஆகவே அதன் எழுத்தும் கையொப்பமும் உண்மையானவை என்று கொள்ள வேண்டும் என்று எதிர்த்தரப்பு சாட்சிய அதிநியமத்தின் 92-ஆம் பிரிவின் அனுமானத்தைக் கோரும். அது உரிய இடத்தில் பாதுகாக்கப்பட்ட ஆவணத்துக்குத்தான் கிடைக்கும், அப்போதும் நீதிமன்றம் விரும்பினால் மட்டுமே. இத்தனை ஆண்டு அது எங்கே இருந்தது, ஏன் அதை வைத்துப் பட்டா மாற்றவில்லை என்ற கேள்விகளுக்கு அண்ணன் பதில் சொல்லியாக வேண்டும். மகள்களின் பங்கைத் தடுக்கக் காட்டப்படும் பதிவில்லாத பாகப்பிரிவினைகளை எளிதில் ஏற்கக் கூடாது, பொது ஆவணங்களின் துணை வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்கள் வழக்கறிஞர் அறிந்திருப்பார்.

கடைசியாக உங்கள் அம்மாவைப் பற்றி. ஒருவரின் கையெழுத்தைப் பழகி அறிந்தவரின் கருத்தும் சாட்சியம்தான். புதிய சட்டத்தில் அது 41-ஆம் பிரிவு. பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா எப்படிக் கையெழுத்திட்டார், எந்தக் கையால், ரேகை வைத்தாரா, 2017-ல் அந்தத் தேதியில் வீட்டை விட்டு வெளியே போகும் நிலையில் இருந்தாரா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். மகனுக்கு எதிராகச் சாட்சி சொல்வது அவருக்கு எவ்வளவு கடினம் என்பதை நினைத்துத்தான் எழுதுகிறேன், வற்புறுத்தாதீர்கள். அவர் சம்மதித்தால், வயதைக் காரணம் காட்டி முன்கூட்டியே அவர் சாட்சியத்தைப் பதிவு செய்யக் கட்டளை 18, விதி 16-ன் கீழ் மனுப் போட முடியும். அதற்கு முன் 2017 பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்கி, அதில் ஒட்டியிருக்கும் புகைப்படத்தை அவரிடம் காட்டுங்கள். அது அப்பாதானா, அப்பாவென்றால் எப்போது எடுத்த படம் என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்.